சர்வரை நம்பாத உலாவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையப் பக்கங்களை வழங்கும் மையக் கணினியான சர்வர் ஒன்றையே சார்ந்திராமல், பயனர்களின் கணினிகளே பக்கங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள உதவும் உலாவிகள் போதிய கவனம் பெறவில்லை. 2017இல் துருக்கி விக்கிப்பீடியாவைத் தடைசெய்தபோது, அதன் துருக்கிய மொழிப் பதிப்பின் நகல், கணினிகள் கோப்புகளைத் தங்களுக்குள் நேரடியாகப் பகிர உதவும் ஐபிஎஃப்எஸ் நெறிமுறை வழியே கிடைத்தது. அந்நெறிமுறையை 2021இல் ஏற்ற பிரேவ் உலாவி 2024இல் அதைக் கைவிட்டது. முன்னோடியான பீக்கர் உலாவியின் பணியோ 2022இலேயே நின்றுபோனது. ஐபிஎஃப்எஸ், அதைப் போன்ற பகிர்வு நெறிமுறைகளான ஹைப்பர், பிட்டோரண்ட் ஆகியவற்றின் முகவரிகளை நேரடியாகத் திறக்கும் அக்ரிகோர் என்னும் திறமூல (நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) உலாவி சிலரின் உழைப்பால் தொடர்ந்து வளர்கிறது. பக்கத்தை வைத்திருக்கும் கணினிகளில் ஒன்றுகூட இணைப்பில் இல்லையெனில் அந்தப் பக்கம் திறக்காது என்பது, ஆர்வலர்கள் அதிகம் பேசாத குறை. அதைக் களைவதற்கு நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், திறமூல மென்பொருளுக்கு உதவும் அறக்கட்டளைகள் ஒருமுறை மானியத்தோடு நின்றுவிடாமல் ஆண்டுதோறும் நிதி வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்