கூடத்துக்கு ஏற்ற ஸ்பீக்கர்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. புது வீட்டுக் கூடத்துக்குக் கம்பியில்லா ஸ்பீக்கர் வாங்குவதில், பெரிதாக ஒன்றா, சிறிதாக இரண்டா என்று உனக்கும் மாப்பிள்ளைக்கும் இன்னும் முடிவாகவில்லை என்று சொன்னாய். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். சிறிதாக இரண்டு என்பதே என் முடிவு. ஆனால், அவற்றை எங்கே வைக்கப் போகிறாய் என்று தீர்மானிக்காமல் கடைப் படி ஏறாதே.

நான் அப்படி ஏறியவன்தான். நேரு வீதிக் கடை ஒன்றில் ஒரு பெரிய புளூடூத் ஸ்பீக்கர் அதிர்ந்த அதிர்ச்சியில் மயங்கி வாங்கி வந்துவிட்டேன். புளூடூத்தில் பாட்டை அனுப்புவது கைப்பேசி. ஆகவே அம்மா கைப்பேசியோடு சமையலறைக்குள் போனதும் பாட்டு அறுந்தது. உன் அத்தை அழைத்தபோதெல்லாம் கச்சேரி நின்றது. பெட்டியில் 10 மீட்டர் என்று அச்சிட்டிருந்தார்கள். அது வெட்டவெளிக் கணக்கு என்பதையும், உன் தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர்களுக்கு அது பொருந்தாது என்பதையும் பிறகுதான் உணர்ந்தேன். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகில், இயங்குபவை. எனவே குழம்பு சூடாகும் நேரங்களில் ராகத்துக்கு விக்கல் எடுத்தது.

அதற்குப் பிறகுதான் வைஃபையில் இயங்கும் சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கினேன். இவற்றில் பெரும்பாலான பாட்டுச் செயலிகளுக்குக் கைப்பேசி வெறும் கட்டளை கொடுப்பதோடு சரி. பாட்டை ஸ்பீக்கரே இணையத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதால் அழைப்பு வந்தாலும் அது நிற்பதில்லை. இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதையும், அவற்றை இடது வலது எனச் சோடி சேர்க்கும் வசதி உண்டா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடு. பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

முதல் நாள் இணைப்பதற்குள் எனக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. செயலி தேடிக்கொண்டே இருந்ததே தவிர ஸ்பீக்கர்களைக் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் கேபிள் இணைப்புப் பார்க்க வந்த தம்பி, என் கைப்பேசி விருந்தினருக்கென்று நாம் தனியாக வைத்திருந்த வைஃபை பெயரில் இணைந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தான். கைப்பேசியும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் ஒன்றையொன்று காணும். ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு இருந்தால், கனத்த சுவர்களைத் தாண்டிப் போவது முதலாவதே. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதில்தான் நெருக்கியடிக்கும். ஆகையால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஸ்பீக்கர்களையும் வைப்பதானால் உனக்கு இரண்டாவதே நல்லது.

இனி இடம். அம்மா ஒரு ஸ்பீக்கரைக் கண்ணாடி அலமாரியில் கொலு பொம்மைகளுக்கு நடுவிலும், மற்றொன்றைக் கூடத்தின் மூலையில் முக்காலியிலும் வைத்தாள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கீழொலி தரும் இடப்பக்கத்தில், அடி விழுந்தபோதெல்லாம் அலமாரிக் கண்ணாடி கிர்ரென்றது. மூலையிலிருந்ததிலோ இரண்டு சுவர்களும் கீழொலியைத் திருப்பித் தள்ளியதில் வெறும் தொப்பிதான் கேட்டது. வலப்பக்கமான வலந்தலையில் விரல் விழும் நறுக்கு எங்கேயோ அமுங்கிப் போயிற்று. மறுநாள் இரண்டையும் எடுத்து, நாங்கள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே, ஒன்றுக்கொன்று ஏழடி தள்ளி, சுவரிலிருந்து ஒரு முழம் முன்னே இழுத்து, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் பலகை போட்டு வைத்தேன். நாற்காலியும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ அதே ஏழடி. அன்று மாலை வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் பிரிந்து நின்றன. பாடகர் நடுவில், பொருள் எதுவும் இல்லாத வெறும் சுவரிலிருந்து பாடினார். அம்மா எழுந்து போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

சிமெண்டுத் தரையும் வெறும் சுவருமாக இருந்ததில் முதலில் கொஞ்சம் எதிரொலித்தது. சன்னலுக்குக் கனத்த திரையும் தரைக்கு ஒரு ஜமக்காளமும் போட்டதும் அடங்கியது. உன் கூடத்தில் டைல்ஸ் பளபளப்பதைப் படத்தில் பார்த்தேன். அங்கே இது இன்னும் தேவைப்படும்.

தொலைக்காட்சிக்கும் இவற்றையே பயன்படுத்தலாமா என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். கம்பியில் இணைக்கும் துளை ஸ்பீக்கரில் இருந்தால் பயன்படுத்தலாம் என்று அவரிடம் சொல். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால் வாய் அசைந்த பிறகே வசனம் கேட்கிறது. எனக்கு அது சகிக்கவில்லை.

வைஃபை ஸ்பீக்கர்களில் ஒரு குறையும் உண்டு. மின்சாரம் போனால் ரூட்டரும் போகும், பாட்டும் போகும். 2011 டிசம்பரில் தானே புயல் கரையைக் கடந்த நாளில் நம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது பேட்டரி வானொலி ஒன்றுதான் என்பது உனக்கு நினைவிருக்கும். அதனால் அந்தப் பெரிய புளூடூத் ஸ்பீக்கரை அத்தை கேட்டும் நான் கொடுக்கவில்லை. அதில் பேட்டரி இருக்கிறது.

உன் கூடத்தின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து, சோபா எந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது, பிளக் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து அனுப்பு. நான் குறித்துத் திருப்பி அனுப்பும் வரை கடையில் முன்பணம் எதுவும் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா