காவலற்றுக் கிடந்த கரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் மூண்டதற்கான காரணங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டியதன் நேரடி விளைவே 1914 என்று கட்டுரையாளர் முடிக்கிறார். பாதி வழி வரை அவரோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அந்தப் போட்டி 1912 வாக்கிலேயே ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த பிறகு அது விட்டுச்சென்ற ஏற்பாடுகள்தாம் பிரிட்டனைப் போருக்குள் இழுத்தன என்பதை அவர் கணக்கில் கொள்ளவில்லை.

போட்டியின் தொடக்கத்தைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. 1898-இல் 19 பெரும் போர்க்கப்பல்களுக்குச் சட்டம் கொண்டுவந்த ஜெர்மன் கடற்படைத் தலைவர் டிர்பிட்ஸ், இரண்டே ஆண்டுகளில் மற்றொரு சட்டத்தின் மூலம் அந்த எண்ணிக்கையை 38 ஆக்கினார். எண்ணிக்கையில் பிரிட்டனை மிஞ்சுவது அவர் நோக்கமன்று. ஜெர்மனியோடு மோதினால் பிரிட்டன் வென்றாலும் பலத்த சேதமடையும், அந்த நிலையில் பிரான்சையும் ரஷ்யாவையும் அதனால் சமாளிக்க இயலாது, அதற்கு அஞ்சியே அது ஜெர்மனிக்கு இணங்கிப் போகும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு. பிரிட்டன் 1904-இல் பிரான்சோடும் 1907-இல் ரஷ்யாவோடும் உடன்பாடு செய்துகொண்டதும் அந்தக் கணக்கு அடியோடு பொய்த்தது. எனினும் கப்பல் கட்டுவது நிற்கவில்லை.

1906-இல் பிரிட்டன் மிதக்கவிட்ட 'டிரெட்நாட்' இன்னொரு திருப்பம். முந்தைய கப்பல்களில் 12 அங்குலப் பீரங்கிகள் நான்கு இருந்த இடத்தில் இதில் பத்து இருந்தன. டர்பைன் இயந்திரத்தால் வேகமும் கூடியது. உலகிலுள்ள பழைய போர்க்கப்பல்கள் அனைத்தையும் அது ஒரே நாளில் பழசாக்கியது. அவற்றுள் மிகப் பெரும் பங்கு பிரிட்டனுடையது என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனி ரகசியமாகப் போர்க்கப்பல்களைக் கட்டிக் குவிக்கிறது என்ற அச்சம் 1909-இல் லண்டனைப் பிடித்து ஆட்டியது. அந்தச் செய்தியை அரசின் காதில் விடாமல் ஓதிவந்தவர்களுள் ஒருவர், போதிய ஆர்டர் கிடைக்காமல் தவித்த கோவென்ட்ரி ஆயுதத் தொழிற்சாலையின் நிர்வாகி முல்லினர். கடற்படை அமைச்சகம் ஆறு கப்பல் கேட்டது. சிக்கனம் பேசிய அமைச்சர்கள் லாயிட் ஜார்ஜும் சர்ச்சிலும் நான்கு போதும் என்றார்கள். கடைசியில் எட்டு கட்டப்பட்டன. 1912-க்குள் ஜெர்மனி எட்டிவிடும் என்று அன்று அஞ்சிய எண்ணிக்கையை அது அந்தக் காலத்துக்குள் எட்டவேயில்லை.

1912 பிப்ரவரியில் சமரசம் பேச பெர்லின் சென்ற பிரிட்டிஷ் அமைச்சர் ஹால்டேன் வெறுங்கையோடு திரும்பினார். ஐரோப்பாவில் போர் வந்தால் நடுநிலை வகிப்பதாக வாக்களிக்கும்படி ஜெர்மனி கேட்டதற்கு பிரிட்டன் இசையவில்லை. ஆயினும் அதன் பிறகு ஜெர்மனியின் பணம் தரைப்படையின் பக்கம் திரும்பியது. பிரிட்டன் 16 வைத்திருந்தால் தமக்கு 10 போதும் என்ற விகிதத்தை 1913 பிப்ரவரியில் டிர்பிட்ஸே ஏற்கத் தயாரானார். 1914 ஜூனில் ஜெர்மனி கட்டிவந்த பாக்தாத் ரயில்பாதைச் சிக்கலில் கூட இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன.

அந்த ஜூன் மாதக் கடைசியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். படகுப் போட்டி விழாவுக்கு விருந்தாளியாக வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜெர்மன் கப்பல்களின் அருகில் நங்கூரமிட்டிருந்தன. பிரிட்டிஷ் அட்மிரல் சீருடையணிந்து ஜெர்மன் பேரரசர் கெய்சர் அக்கப்பல்களில் ஒன்றைச் சுற்றிப் பார்த்தார். 28-ஆம் தேதி அவர் தம் பாய்மரப் படகில் போட்டியில் இருந்தபோது ஒரு மோட்டார் படகு நெருங்கியது. அதில் வந்த அட்மிரல் முல்லர், சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் கொல்லப்பட்ட செய்தி எழுதிய காகிதத்தை ஒரு சிகரெட் பெட்டிக்குள் வைத்து மேல்தளத்தில் வீசினார். விழா அத்தோடு முடிந்தது. சில நாட்களில் விடைபெற்ற பிரிட்டிஷ் அணியின் தலைவர் வாரண்டர், முன்பும் நண்பர்கள், என்றும் நண்பர்கள் என்ற பொருளில் சமிக்ஞை அனுப்பிவிட்டுப் போனார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் ஐந்தே வாரத்தில் என்ன நேர்ந்தது? விடை 1912-இல் இருக்கிறது. ஜெர்மன் கப்பல்களை எதிர்கொள்ள பிரிட்டன் தன் மத்தியதரைக் கடல் போர்க்கப்பல்களை வடக்கே இழுத்துக்கொண்டது. அதே ஆண்டு பிரான்ஸ் மேற்குக் கரையின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்த தன் அணியை மத்தியதரைக் கடலின் தூலோனுக்கு மாற்றியது. அதனால் பிரான்சின் வடக்கு, மேற்குக் கரைகள் காவலற்றுக் கிடந்தன. இந்த ஏற்பாடு போரில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்ற கடப்பாட்டின் பேரில் அமைந்ததன்று என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரே, பிரெஞ்சுத் தூதர் கம்போனுக்கு 1912 நவம்பரில் தெளிவாகவே எழுதிக் கொடுத்தார். ஆனால் எழுதியது காகிதத்தில் இருக்க, கப்பல்கள் தூலோனில் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரரை நம்பி வாசல் கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போனவரிடம், நான் வாக்கு ஏதும் கொடுக்கவில்லையே என்று பிறகு சொல்ல யாருக்கு மனம் வரும்?

கிரேவுக்கும் வரவில்லை. 1914 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, ஜெர்மன் கடற்படை ஆங்கிலக் கால்வாய்க்குள் வந்து பிரெஞ்சுக் கரையைத் தாக்கினால் பிரிட்டிஷ் கடற்படை காக்கும் என்று அமைச்சரவை வாக்குறுதி அளித்தது. அமைச்சர் ஜான் பர்ன்ஸ் அதை ஏற்காமல் பதவி விலகினார். ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது 4-ஆம் தேதி; அதாவது இந்த வாக்குறுதி அதற்கு முந்தியது. பிரிட்டன் நடுநிலை வகித்தால் பிரெஞ்சு வடகரையைத் தொடமாட்டோம் என்று ஜெர்மனி சொல்லிப் பார்த்தது. அந்த உறுதி மிகக் குறுகியது என்று 3-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் கிரே ஒதுக்கிவிட்டார்.

பெல்ஜியம் தாக்கப்படாமல் இருந்திருந்தால் நாடாளுமன்றமும் மக்களும் இவ்வளவு ஒருமனதாகப் பின்னால் நின்றிருக்க மாட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. ஜெர்மனி, பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றுக்கிடையே தரைப்படைப் போட்டி 1913-க்குப் பின் இன்னும் மூர்க்கமாக நடந்ததும் உண்மையே. நான் சொல்வது பிரிட்டன் நுழைந்த வாசலைப் பற்றி மட்டும். சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டை அறிந்த நம் வாசகர்களுக்கு, 1914 செப்டம்பர் 22 இரவு அக்கப்பல் இங்கு வந்ததற்கும் அந்த வாசலுக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

கிரேவும் கம்போனும் 1912 நவம்பர் 22, 23 தேதிகளில் எழுதிக்கொண்ட அந்த இரு கடிதங்களும் சிறியவை. இரண்டையும் தமிழில் பெயர்த்துக் கட்டுரையின் அடுத்த பகுதியோடு வெளியிட்டால், கட்டுரையாளர் சொல்வது சரியா நான் சொல்வது சரியா என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சென்னை