அண்ணன் மகன் கண்ட கனவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததை முதல் பத்தியிலேயே எழுதியிருந்தாய். ஆனால் அந்த மகிழ்ச்சியை நீ முழுதாக அனுபவிக்கவில்லை என்பது அடுத்த பத்தியில் தெரிந்துவிட்டது. தாய்க்கும் குழந்தைக்கும் என் வாழ்த்துகளைச் சொல். எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது சிறிய எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவர் அதிகம் எழுதக் கூடாது என்கிறார். இந்தக் கடிதத்துக்கு மட்டும் அவர் சொல்லைக் கேட்கப் போவதில்லை.

"ஈசா நபி கனவில் வந்து தன்னை அழைத்ததாக அண்ணன் மகன் சொல்கிறான். யாரோ அவன் மனத்தைக் கலைத்துவிட்டார்கள். நீ கிறிஸ்தவன். என்னிடம் பொய் சொல்லாதவன். இதையெல்லாம் நீ நம்புகிறாயா?" என்று கேட்டிருக்கிறாய்.

நம்புகிறேன். கடவுள் கனவில் பேசக்கூடியவர் என்றும், உன் அண்ணன் மகன் பொய் சொல்லவில்லை என்றும் நம்புகிறேன். நீ ஈசா என்று சொல்லும் இயேசுவை அவன் தேடுவதில் எனக்கு மகிழ்ச்சியே இல்லை என்று எழுதினால் அது உன்னை ஏமாற்றுவதாகும். அதே வேளையில், இரவெல்லாம் அழுதுகொண்டிருக்கும் அண்ணியைப் பற்றி நீ எழுதிய வரிகளைப் படித்தபோது என் மனம் கனத்துப்போனதும் உண்மை. இரண்டையும் ஒளிக்காமல் உன்னிடம் சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன்.

கனவு என்பது உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல. நல்ல கனவு நபித்துவத்தின் நாற்பத்தாறு பங்குகளில் ஒன்று என்ற ஹதீஸை, அந்த நபிமொழியை, எனக்குச் சொன்னவனே நீதான். குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் ஒரு கனவில்தான் தொடங்குகிறது. இப்ராஹீம் நபி தம் மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கண்டதும் கனவில். கனவுகளுக்குப் பலன் சொல்வதில் பெயர் பெற்ற இப்னு ஸீரீனை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் மேற்கோள் காட்டி வருகிறார்கள். உன் திருமணப் பேச்சு வந்தபோது நீயே இறைவனிடம் வழிகாட்டக் கேட்கும் இஸ்திகாரா தொழுகையைத் தொழுதுவிட்டு, மனம் தெளியட்டும் என்று காத்திருந்தாய். எங்கள் பக்கம் நிலைமை வேறு. படித்த கிறிஸ்தவர்கள் கூடும் இடத்தில் ஒருவர் எழுந்து "நேற்றிரவு கனவு கண்டேன்" என்றால் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆகவே உன் அண்ணன் மகன் தன் கனவை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டான் என்றால், அந்த மரியாதையை அவன் கற்றது எங்களிடம் அல்ல, உங்களிடம்தான். இந்த ஒன்றை உன் அண்ணனிடம் எப்படியாவது சொல். வளர்த்த வளர்ப்பு தோற்றுவிட்டது என்று அவர் எண்ணுகிறார் போலிருக்கிறது. இறைவன் மனிதனோடு பேசுவான் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

மனத்தைக் கலைத்துவிட்டார்கள் என்ற உன் சந்தேகத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட அனுபவத்தை விரிவாக எழுதிவைத்தவர்களில் இருவரைப் பற்றி நான் நன்றாகப் படித்திருக்கிறேன். ஒருவர் பில்கீஸ் ஷேக். பாகிஸ்தானில் வாஹ் என்ற ஊரில் பெரிய நிலவுடைமைக் குடும்பத்தில் வாழ்ந்தவர். 1966இல் குர்ஆனை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அதில் திரும்பத் திரும்ப வரும் ஈசாவைப் பற்றி மேலும் அறிய விரும்பி, ஒரு பைபிளை வரவழைத்து இரண்டையும் சேர்த்துப் படித்தார். கனவு அதற்குப் பிறகுதான் வந்தது. இயேசு விருந்தாளியாக வந்து எதிரே உட்கார்ந்து உணவருந்துகிறார். பிறகு ஒரு மலைமேல், இயேசுவுக்கு முன்னோடியாக வந்து ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானனோடு பில்கீஸ் நிற்கிறார். அந்த யோவான் யார் என்றே பில்கீஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக அருகில் இருந்த ஒரு மிஷனரி குடும்பத்தைத் தேடிப் போய்க் கேட்டார். 1967 தொடக்கத்தில், யாரையும் எதிர்பார்க்காமல் வீட்டுக் குளியல் தொட்டியில் தமக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். உறவினர்கள் அவரை ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் நாட்டைவிட்டே போக நேர்ந்தது.

இன்னொருவர் நபீல் குரேஷி. அமெரிக்காவில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளியினர். அவர் குடும்பம் அஹ்மதிய்யா. உங்கள் ஆலிம்கள் அவர்களை ஏற்பதில்லை என்பதை அறிவேன். பிள்ளையைத் தொழுகையிலும் ஓதுதலிலும் மிகுந்த பாசத்தோடு வளர்த்த வீடு அது. கல்லூரியில் ஒரு கிறிஸ்தவ நண்பரோடு ஆண்டுக்கணக்கில் வாதாடினார். வாதங்களால் முடிவுக்கு வர முடியாமல், கடைசியில் இறைவனிடமே கனவு கேட்டார். சிறுவயது முதல் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வழி அதுதான். வந்த கனவுகளில் ஒன்றில், ஒரு குறுகிய வாசல். உள்ளே விருந்து நடக்கிறது. அந்த நண்பர் அங்கே அமர்ந்திருக்கிறார். இவர் வெளியே நிற்கிறார். லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார் என்றார் நண்பர். இடுக்கமான வாசலைப் பற்றிய பகுதி அங்கே இருந்தது. 2005இல் அவர் கிறிஸ்தவரானார். முதுகெலும்பையே பிடுங்கியெடுத்ததுபோல் இருக்கிறது என்று அவர் தந்தை சொன்னாராம். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 2017இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 34.

இருவரிடமும் கனவு வெறும் மனத்தில் வந்து விழவில்லை, பார்த்தாயா? முன்பே தேடல் இருந்தது, படிப்பு இருந்தது, தூக்கமில்லாத இரவுகள் இருந்தன. உன் அண்ணன் மகனும் அப்படித்தான். நீ நினைப்பதைவிட நெடுங்காலமாக அவன் படித்துக்கொண்டிருக்கிறான்.

வெள்ளை அங்கியும் ஒளி சூழ்ந்த முகமும் ஓவியங்களில் பார்த்ததுதானே, அதையே மனம் கனவாகத் திருப்பித் தருகிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். மனம் தன்னிடம் உள்ள உருவங்களைக் கொண்டுதானே எதையும் காட்ட முடியும்? பார்வோன் கனவில் வந்தவை அவன் நாட்டு நதியும் பசுக்களும் கதிர்களும்தாம். உருவம் பழக்கமானது என்பதால் செய்தி பொய் என்றாகிவிடாது. அதே நியாயப்படி, உருவம் ஒளிவீசியது என்பதால் செய்தி மெய் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டாவது பாதியை எங்கள் ஆட்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் டட்லி உட்பெரி என்ற பேராசிரியர், இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த ஏறத்தாழ 750 பேரிடம் 1991 முதல் 2007 வரை கேள்வித்தாள் கொடுத்து விவரம் திரட்டினார். முப்பது நாடுகளைச் சேர்ந்தவர்கள். முடிவெடுப்பதற்கு முன்பே கனவோ தரிசனமோ கண்டதாகச் சொன்னவர்கள் 27 விழுக்காடு. இந்த எண்ணை எங்கள் மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் தங்களை ஈர்த்தவற்றில் முதலிடத்தில் அவர்கள் வைத்தது தாங்கள் கண்ட கிறிஸ்தவர்களின் வாழ்க்கைமுறையை. அதை மேடையில் சொல்லக் கேட்பது அரிது, ஏனென்றால் அது எங்கள்மீது பொறுப்பைச் சுமத்துகிறது. இன்னொன்றும் உண்டு. மதம் மாறியவர்களிடம் மட்டுமே கேட்ட ஆய்வு இது. இதே போன்ற கனவைக் கண்டு, அதற்கு வேறு பொருள் கொண்டு, முஸ்லிமாகவே வாழ்ந்து முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. நீயே ஒருமுறை ஈசாவின் தாய் மர்யமைக் கனவில் கண்டதாகச் சொன்னாய். நீ எங்கும் போய்விடவில்லை. உன் ஈமான் உறுதிப்பட்டது என்றுதான் சொன்னாய்.

நான் உண்மையில் சொல்ல நினைப்பது இதுதான். எங்கள் வேதத்தில் தரிசனங்கள் தாமே வேலையை முடிப்பதில்லை. ஒரு மனிதரிடம் அனுப்பிவிடுகின்றன. பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுல், தமஸ்குவுக்குப் போகும் வழியில் ஒளியைக் கண்டு குருடாகி விழுந்தான். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கலாம் அல்லவா? "பட்டணத்துக்குள் போ" என்று மட்டுமே சொல்லப்பட்டது. அனனியா என்ற சாதாரண மனிதன் வந்து, தங்களைத் துன்புறுத்திய அந்தச் சவுலின்மேல் கைவைத்து "சகோதரனாகிய சவுலே" என்று அழைத்தான். ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு கண்ட தேவதூதனும் போதகம் எதுவும் செய்யவில்லை. யோப்பாவுக்கு ஆள் அனுப்பிப் பேதுருவை அழைத்துக்கொள் என்றதோடு போய்விட்டான். பில்கீஸ் அந்த மிஷனரி வீட்டுக்குப் போனதும், நபீல் தம் நண்பரிடம் கேட்டதும் இதே வகைதான். கனவு கண்டவன் விழித்ததும் ஒரு மனிதனின் கதவைத் தட்டுகிறான். அந்தக் கதவைத் திறப்பவன் எப்படிப்பட்டவன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உன் அண்ணன் மகன் போய்ச் சேர்ந்த ஜெபக்குழுவில், இன்னும் ஞானஸ்நானம்கூடப் பெறாத பையனை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கப் பார்த்தார்கள். காணொளியாகப் பதிவு செய்வது வரை பேச்சுப் போயிருக்கிறது. அவன் கனவு அவர்களுக்குக் கூட்டம் சேர்க்கும் செய்தி; அவனுக்கோ உயிர்நாடி. அந்தக் காணொளியை அவன் தாய் பார்க்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் நேரில் போய் மூப்பர்களிடம் பேசினேன். சொப்பனத்தையே பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து "கோதுமைக்குமுன் பதர் எம்மாத்திரம்" என்று எரேமியா தீர்க்கதரிசி கேட்ட வசனத்தை எடுத்துக்காட்டினேன். முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். அவன் கண்டதை நானும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. உனக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவனே சொல்லட்டும்.

உங்கள் பக்கத்துக் கதவைப் பற்றியும் எழுத வேண்டும். சினம் கொள்ளாமல் படி. நீ சட்டம் படித்தவன். 1948இல் மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவில், ஒருவர் தம் மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை சேர்க்கப்பட்டபோது சவூதி அரேபியா அதை எதிர்த்து வாதிட்டு, இறுதி வாக்கெடுப்பில் விலகி நின்றது. பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான் குர்ஆனையே சான்று காட்டி அந்தப் பிரிவை ஆதரித்தார். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற வசனத்தை நான் உனக்கு நினைவூட்டுவது முறையல்ல. எனக்கு அதை நீதான் ஓதிக் காட்டினாய். ஆனால் "முர்தத்", மார்க்கத்தைத் துறந்தவன், என்று உறவினர் ஒருவர் அவன் முகத்துக்கு நேரே சொன்னாராம். அந்தச் சொல்லின் பின்னால் எத்தனை நாடுகளில் சிறையும் மரணமும் நிற்கின்றன என்பதை அவனும் படித்திருக்கிறான். அவன் இப்போது வீட்டில் தூங்குவதில்லை.

காலித் இப்னு ஸயீத் கதையை நீ எனக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? இஸ்லாத்தின் தொடக்க நாள்கள். நெருப்பின் விளிம்பில் தாம் நிற்பதாகவும், நபிகள் நாயகம் தம்மைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றுவதாகவும் காலித் கனவு காண்கிறார். நபியின் நெருங்கிய தோழர் அபூபக்ரிடம் போய்ச் சொல்கிறார். அவர் வழிகாட்ட, நபியிடம் போய் முஸ்லிமாகிறார். பழைய மதத்தைக் கைவிட மறுத்த தந்தை அவரை அடித்து, பட்டினி போட்டு, வீட்டைவிட்டுத் துரத்துகிறார். அந்த மகனைப் பற்றிச் சொல்லும்போது உன் கண்கள் பெருமையால் நிறைந்திருந்தன. அவர் அடைக்கலம் தேடிப் போன நாடு அபிசீனியா. அவருக்கும் அவரோடு போனவர்களுக்கும் இடம் கொடுத்து, திருப்பியனுப்ப மாட்டேன் என்று சொன்ன நஜ்ஜாஷி மன்னர் ஒரு கிறிஸ்தவர். உன் அண்ணன் மகனையும் காலிதையும் நீ சமமாக வைக்க மாட்டாய். வைக்கும்படி நான் கேட்கவும் இல்லை. அந்தத் தந்தையின் இடத்தில் உன் அண்ணன் நின்றுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுதல்.

உன் கடிதம் வந்த மறுவாரமே அவன் என்னைப் பார்க்க வந்தான். நெடுநேரம் பேசினோம். அவசரப்படாதே என்றேன். கனவை அடித்தளமாக வைத்துக்கொள்ளாதே, நான்கு சுவிசேஷங்களையும் முழுதாகப் படி, சிலுவையைப் பற்றி உன் வீட்டார் சொல்வதற்கும் நாங்கள் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணைத் திறந்துகொண்டு எதிர்கொள் என்றேன். நீ வளர்ந்த மார்க்கத்தை இழிவாகப் பேசி எவரிடமும் நல்ல பெயர் வாங்காதே என்றும் சொன்னேன். அதற்கு அவன் சட்டென்று, "வாப்பா எனக்குத் தொழக் கற்றுக்கொடுத்தவர். அவரை எப்படி இழிவாகப் பேசுவேன்?" என்றான். முடிவு அவனுடையது. அவன் ஞானஸ்நானம் பெற்றால் நான் அங்கே இருப்பேன். இதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெறாமல் திரும்பினாலும் என் வீட்டில் அவனுக்கு இப்போதுள்ள இடம் அப்படியே இருக்கும்.

இப்போது அவன் என்னோடுதான் தங்கியிருக்கிறான். அண்ணி பேச விரும்பினால் எந்த நேரமானாலும் தொலைபேசியில் அழைக்கட்டும், அவன் எடுப்பான். மதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டாலே போதும். அண்ணனுக்கு என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து கொட்டட்டும். குறுக்கிடாமல் கேட்டுக்கொள்கிறேன். நீ அவரை அழைத்துக்கொண்டு வந்தால் எனக்கு இன்னும் நிம்மதி. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நாள்கள் முடிந்ததும் நானே புறப்பட்டு வரலாம் என்றிருக்கிறேன். எது உங்களுக்கு வசதி என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்