நாற்று நடுபவரும் விவசாயிதான்

ஐயா, டெல்டாவில் குறுவை நடவு தொடங்கியது பற்றிய உங்கள் செய்தியில் பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள், படத்தில் குனிந்து நட்டவர்கள் எல்லாரும் பெண்கள். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்று முதுகு ஒடிய உழைப்பவரை விட்டுவிட்டு, பட்டாவில் பெயர் இருப்பவரை மட்டும் விவசாயி என்பது நியாயமே இல்லை. என் அம்மா 30 வருஷம் எங்கள் வயலில் நட்டவர். அப்பா இறந்த வருஷம் சம்பா வெள்ளத்தில் அழுகிப்போக, பட்டா மாறவில்லை என்று சொல்லி நிவாரணம் தராமல் அனுப்பிவிட்டார்கள்.

2012-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த பெண் விவசாயிகள் உரிமை மசோதா, கிராம சபை ஒப்புதலோடு பெண்களுக்கு விவசாயி சான்று தரச் சொன்னது. அது சட்டமாகாமலே காலாவதியானது. சரி, தமிழக அரசாவது அந்தச் சான்றைக் கொடுத்து, நிவாரணத்துக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அதை ஏற்க வேண்டும்.