நீச்சல் பிள்ளைகளின் கல்லூரிப் பயணம்

வணக்கம். கல்லூரி நீச்சல் அணியில் சேர விரும்பும் பிள்ளைகளோடு அமெரிக்காவின் வர்ஜீனியா, நார்த் கரோலினா கல்லூரிகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், ஓட்டல் பதியும் முன் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) வெளியிடும் ஆள்சேர்ப்பு நாட்காட்டியைப் பாருங்கள். ‘டெட் பீரியட்’ நாட்களில் கல்லூரிப் பயிற்சியாளர் போனில் பேசலாம், நேரில் சந்திக்கக் கூடாது. அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப்போய்க் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவானேன்?

நார்த் கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகமும் சாப்பல் ஹில் பல்கலைக்கழகமும் பக்கம்பக்கம்தான், ஒரே நாளில் முடியும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லுக்குத் தனி நாள் வையுங்கள்.

பயிற்சியாளருக்கு மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். நீச்சல் நேரங்களோடு மதிப்பெண்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் காலைப் பயிற்சியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கடைசி லேனில் திணறும் பிள்ளையிடம் பயிற்சியாளர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், போகும் தேதிகளை வெள்ளிக்குள் இங்கே போடுங்கள். ஒத்துவந்தால் சேர்ந்தே போகலாம்.