கிழக்கு வாயிற்கதவுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

அம்பாள் அருளால் கிழக்கு வாசலின் இரட்டைக் கதவு நிறைவு பெற்றுவிட்டது. பங்குனி உத்தரத்துக்கு ஏறவேண்டிய கதவு ஆடிப்பூரத்துக்குத்தான் ஏறியது. ஏன் பிந்தியது என்று பலர் கேட்டீர்கள். காரணம் மரம்.

முதலில் வந்தது முதிரை, விலையும் மலிவு. அனுமதிப்பத்திரம் எங்கே என்றதற்கு, "கோயில் காரியத்தை ஆர் மறிக்கப் போகினம்?" என்றார் கொண்டுவந்தவர். லொறியிலிருந்து இறக்காமலே திருப்பி அனுப்பினோம். நமது காட்டில் முதிரையும் பாலையும் கதவளவு பருக்கத் தலைமுறைகள் செல்லும். வைகாசி, ஆனியில் பாலைப்பழத்துக்குக் கரடியும் காத்திருக்கும், நம் பிள்ளைகளும் காத்திருப்பார்கள். பாலையூற்று என்று ஊருக்கே பேர் வைத்த மண் இது. களவு மரத்தில் அம்பாளுக்குக் கதவு போட மனம் ஒப்பவில்லை.

பிறகு ஒரு மர வியாபாரியையும் மரநடுகைத் தொண்டு நிறுவனம் ஒன்றையும் வசந்த மண்டபத்தில் ஒன்றாக இருத்திப் பேசினோம். காட்டைப் பொறுப்போடு பேணி வெட்டிய மரம் என்று உறுதிசெய்யும் எஃப்.எஸ்.சி. என்ற உலக அமைப்பின் சான்றிதழைத் தொண்டு நிறுவனத்துப் பிள்ளை விளக்கினார். 1993இல் தொடங்கிய அந்த அமைப்பில் வணிகருக்கு ஓர் அவை, சூழல் அமைப்புகளுக்கு ஓர் அவை, தொழிலாளர், காட்டை அண்டி வாழ்வோர் போன்றோருக்கு ஓர் அவை. மூன்றுக்கும் சமமான வாக்கு. வெட்டிய இடத்திலிருந்து விற்கும் கடைவரை மரத்தைத் தொடர்ந்து போகும் பத்திரமும் உண்டு.

நாம் வாங்கிய தேக்கில் அந்த முத்திரை இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அரச மரக் கூட்டுத்தாபனத்தில் விற்கும் தோட்டத் தேக்கை வியாபாரி பற்றுச்சீட்டோடு எடுத்துத் தந்தார். தொண்டு நிறுவனம் குற்றி குற்றியாக இலக்கம் ஒத்துப் பார்த்தது. மூன்று தரப்பும் கையெழுத்திட்டோம். வெட்டுமுகத்தில் இலக்கம் பதிந்திருந்த வட்டத்தை ஆசாரியார் வாளால் தனியே அரிந்து தந்தார். கைவேர்வை பட்டுக் கறுத்த அந்த மரவட்டம் அலுவலக மேசையில் இருக்கிறது. வந்து தொட்டுப் பாருங்கள்.

செலவு கூடியது உண்மை. வியாபாரி தன் இலாபத்தில் பாதியை விட்டுத்தந்தார், மீதி உபயகாரரிடமிருந்து வந்தது. வரவு செலவு முழுவதும் அறிவித்தல் பலகையில் உள்ளது.

தொண்டு நிறுவனம் தந்த 24 இலுப்பைக் கன்றுகளைத் தீர்த்தக்குளக் கரையில் நட்டோம். ஆடியில் நட்டது எங்கள் அவசரம். கச்சான் காற்றில் இரண்டு கருகிவிட்டன. மாரியில் மாற்றி நடுவோம். அதுவரை தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியல் மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளுக்கும் இன்னும் ஆள் தேவை.

திருப்பணிக் குழுவினர்
திருகோணமலை