‘விரட்டும்’ என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் ‘புராஸ்டேட் புற்றுநோயை விரட்டும் வைட்டமின் டி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. உள்ளே மூன்றாவது பத்தியில் ‘வளர்ச்சியை மட்டுப்படுத்தலாம்’ என்று இருக்கிறது. தலைப்பு வைத்தவருக்கு அதுவரை படிக்க நேரமில்லை போலும். கீழேயே எலும்புக்கு வலுவூட்டும் கேப்சூல் விளம்பரம். தற்செயல்தான் என்று நம்புகிறேன்.

டி வைட்டமின் உடம்பில் கால்சிட்ரியாலாக மாறுகிறது. அதை ஆய்வுக்கூடத்தில் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள் மீது விட்டால் வளர்ச்சி குறைவது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் 25,871 பேரில் ஒரு பாதிக்கு தினம் 2,000 யூனிட் டி, மறுபாதிக்கு வெற்று மாத்திரை என ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்த ‘வைட்டல்’ ஆய்வில் புற்றுநோய் வருவது குறைந்ததாகத் தெரியவில்லை. முற்றிய புராஸ்டேட் நோயாளிகளுக்குக் கீமோவோடு கால்சிட்ரியாலை அதிக அளவில் கொடுத்த ஆய்வையோ, அந்தத் தரப்பில் சாவு கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். முதலாவது 2018இலும், மற்றது அதற்கும் முன்பே 2011இலும் வெளியானவை. உங்களுக்குத் தெரியாததா?

என் மைத்துனருக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் வந்த ‘சூரிய வைட்டமின்’ கட்டுரையைப் படித்துவிட்டு, வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் கேப்சூலை தினமும் ஒன்று என்று மூன்று மாதம் போட்டார். ஓயாத தாகம், வாந்தி, பேச்சில் தடுமாற்றம். ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறி, ஒரு வாரம் சலைனில் கிடந்தார். “யார் சொல்லிப் போட்டீங்க?” என்று டாக்டர் கேட்டதும், சட்டைப் பையிலிருந்து உங்கள் கட்டுரையின் நறுக்கை எடுத்துக் கொடுத்தார்.

அப்போதும் எழுதினேன். நீங்கள் பிரசுரித்தது, மரியாதைக்காக நான் ஆரம்பித்த ‘மருத்துவப் பகுதி அருமை’ என்ற ஒரு வரியை மட்டும்! காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் டி வேண்டிய மட்டும் கிடைக்கும் என்று எழுதியதும் உங்கள் பத்திரிகைதான். உச்சிப்பொழுதை ஒட்டிய வெயிலில்தான் அது சரியாகக் கிடைக்கும் என்று எழுதிப்போட்ட கார்டு என்ன ஆனதோ! அப்புறம், பொங்கல் மலர் மாசி மாதம் வந்து சேர்ந்தது. சரி, அது வேறு கதை.

நான் கேட்பது ஒன்றுதான். ‘60,000 யூனிட் கேப்சூல் தினமும் போடுவதல்ல; டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்’ என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். கொட்டை எழுத்து வேண்டாம். ராசிபலன் எழுத்து அளவு போதும்.

இப்படிக்கு,
31 வருடச் சந்தாதாரர்,
கும்பகோணம்.